குடும்பமாகப் போட்டித் துப்பாக்கி சுடுதலில் இறங்குவது: எங்கிருந்து தொடங்கலாம்?

அந்திவெயில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். எனக்கும் மனைவிக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. மகளுக்கு 13, மகனுக்கு 9. என் தந்தை அறுபதைக் கடந்தவர். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு இந்த விளையாட்டின்மீது தீவிரமான ஆர்வம் ஏற்பட்டிருக்கிறது. அவளை மட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் வாசலில் காத்திருப்பதைவிட, வார இறுதியில் ஐந்து பேரும் சேர்ந்து ஈடுபடும் ஒன்றாக இதை ஆக்கிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிறோம்.

எந்தப் பிரிவில் தொடங்குவது, உடனே ஏதேனும் வாங்க வேண்டுமா, 9 வயதுச் சிறுவனுக்கு இதில் இடமுண்டா என்பவை என் கேள்விகள். வீட்டில் துப்பாக்கி இருப்பதை நினைத்தாலே என் மனைவிக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பத்துமீட்டர்

வணக்கம் நண்பரே. நான் ஒரு சங்கத்தில் தொடக்கநிலைப் பயிற்சியாளராக இருக்கிறேன். எந்தப் பிரிவு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். வெவ்வேறு வயதுடைய ஐந்து பேர் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் சுட வேண்டுமென்றால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதில் வெடிமருந்து கிடையாது; காதைப் பிளக்கும் ஓசை இல்லை; கையைத் தூக்கியடிக்கும் பின்னுதைப்பும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அழுத்தப்பட்ட காற்று பெல்லட் எனப்படும் 4.5 மில்லிமீட்டர் சிறு ஈயக் குண்டைத் தள்ளுகிறது. ஆனாலும் அதை விளையாட்டுச் சாமானாக எண்ணிவிடக் கூடாது. ஒரு கண்ணை நிரந்தரமாகப் பறிக்கும் வலிமை அதற்கு உண்டு என்பதால், பெரிய துப்பாக்கிக்குரிய பாதுகாப்பு விதிகள் அனைத்தும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

போட்டி எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து, நின்றபடி, ஒரே கையால், அந்தக் கைக்கு எவ்வித ஆதாரமும் இல்லாமல் குறிவைக்க வேண்டும். மின்னணு இலக்கு உள்ள தளங்களில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள் தருவார்கள். அதற்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனைக் குண்டுகளுக்குமாக 15 நிமிடங்கள் உண்டு. டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள்தாம் இருந்தன. 2018 முதல் இரு பாலருக்கும் 60 என்று ஆகிவிட்டது. குடும்பமாக வருபவர்களுக்கு இது பெரிய வசதி. தாயும் தந்தையும் மகளும் ஒரே விதியில் சுட்டு, ஒரே அளவுகோலில் தங்கள் முன்னேற்றத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலான சங்கங்களில் பயிற்சிக்கென்றே பிஸ்டல்கள் இருக்கும். போட்டிப் பிஸ்டலின் பிடி கையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். இடக்கைக்கும் வலக்கைக்கும் பிடிகள் வேறு, கையின் அளவுக்கு ஏற்பவும் வேறு. உங்கள் மகளின் கை இன்னும் வளரும். சில மாதங்கள் சங்கத்தின் பிஸ்டலில் சுட்ட பிறகு, எந்தப் பிடி பொருந்துகிறது என்பதை அவளே சொல்வாள்.

மகனைப் பற்றி. போட்டி ஏர் பிஸ்டல் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. அதை 9 வயதுக் குழந்தை ஒரு கையால் நீட்டிப் பிடித்தால் முதுகைப் பின்னே வளைத்து, தோளை உயர்த்தி, மணிக்கட்டைத் தளரவிட்டுத்தான் பிடிக்கும். அந்த நிற்கும் முறை உடலில் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். வளரும் முதுகுக்கும் அது நல்லதன்று. ஆகவே குழலைத் தாங்குமேசையில் வைத்துச் சுடும் முறை, அல்லது குண்டே இல்லாத லேசர் பிஸ்டல், இவ்விரண்டில் ஒன்றுதான் அவனுக்கு உகந்தது. நவீன பென்டத்லான் என்னும் ஐந்து விளையாட்டுப் போட்டியில் பங்கேற்பவர்கள் பல ஆண்டுகளாக லேசர் பிஸ்டலில்தான் சுடுகிறார்கள். எனவே அதைச் சிறுவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று அவன் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. எந்த வயதில் எதைக் கையாளலாம் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருக்கும். சேருவதற்கு முன்பே சங்கத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

டைமர்

பத்துமீட்டர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும். நானும் என் மனைவியும் ஐபிஎஸ்சி எனப்படும் செயல்முறைச் சுடுதலில் இருக்கிறோம். 10 மீட்டர் போட்டியில் ஒவ்வொருவரும் ஒன்றேகால் மணி நேரம் தம் தடத்தில் தனியாக நிற்கிறார்கள். அது ஆழமான விளையாட்டு, ஐயமில்லை; ஆயினும் அங்கே குடும்பம் சேர்ந்து வருகிறதே தவிர, சேர்ந்து விளையாடுவதில்லை. எங்கள் பிரிவில் ஒரு குழுவாகச் சுற்றி வருவோம். ஒருவர் சுடும்போது மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். அவர் முடித்த பிறகு, தளம் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டதும், மதிப்பெண் குறிக்கப்பட்ட பின் அட்டையிலுள்ள துளைகளை ஒட்டி மூடுவார்கள், விழுந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்துவார்கள். சுடாத உறுப்பினருக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும்.

ஐபிஎஸ்சி என்ற இந்த உலக அமைப்பு 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் உருவானது. துல்லியம், ஆற்றல், வேகம் மூன்றையும் சமநிலையில் சோதிப்பதே அதன் நோக்கம். பெற்ற மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து வரும் எண்ணே ஒரு கட்டத்தில், அதாவது இலக்குகள் அமைத்த ஒரு தனிச் சுற்றில், உங்கள் நிலையைத் தீர்மானிக்கும். 60 மதிப்பெண்ணை 12 நொடியில் எடுத்தவருக்கு 5 கிடைக்கும். 54 மதிப்பெண்ணை 9 நொடியில் எடுத்தவருக்கு 6 கிடைக்கும். இலக்கைத் தவறவிட்டாலோ பத்து மதிப்பெண் கழிந்துவிடும். எந்த வேகத்தில் போனால் துல்லியம் குலையாது என்பதை ஒவ்வொருவரும் தமக்கென்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒழுங்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு கட்டத்தைக் காட்டுகிறேன். போட்டியாளர் இடுப்புறையில் வெற்றுத் துப்பாக்கியுடன் தொடக்கப் புள்ளியில் வந்து நிற்பார். நடுவர் 'லோட் அண்ட் மேக் ரெடி' என்று சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது. பிறகு 'ஆர் யூ ரெடி', அடுத்து 'ஸ்டாண்ட்பை', சில நொடிகளில் டைமரின் ஒலி. சுட்டு முடித்ததும் மேகசினை (குண்டுகள் அடுக்கிய கூட்டை) எடுத்து, குண்டறை காலி என்று நடுவருக்குக் காட்டி, இலக்கை நோக்கி ஒருமுறை டிரிகரை அழுத்தி, உறையில் இட்ட பிறகுதான் 'ரேஞ்ச் இஸ் கிளியர்' என்ற அறிவிப்பு வரும். அதுவரை ஒருவரும் முன்னே நகரக் கூடாது. கட்டத்தின் நடுவே துப்பாக்கி கைதவறி விழுந்தால், அதில் குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைய போட்டியிலிருந்து அவர் வெளியேற்றப்படுவார். கட்டத்துக்கு வெளியே வெற்றுத் துப்பாக்கி விழுந்தால் அது குற்றமாகாது. ஆனால் அதை அவரே குனிந்து எடுத்தால் வெளியேற்றம்தான். நடுவர் வந்து எடுத்துச் சோதித்துத் தர வேண்டும். உலக வெற்றியாளருக்கும் புதியவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. வளரும் பிள்ளைகள் இத்தகைய பாரபட்சமற்ற கண்டிப்பை நேரில் பார்ப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பத்துமீட்டர்

டைமர் சொல்வது உண்மை. அந்தப் பிரிவின் ஒழுங்கை நானும் வியந்து பார்த்திருக்கிறேன். ஆயினும் உறையிலிருந்து எடுத்து, நகர்ந்துகொண்டே சுடுவதற்கு முன், நின்ற இடத்தில் குழல்முனையை எப்போதும் இலக்கின் திசையிலேயே வைத்திருக்கும் பழக்கம் கைக்குள் ஊறியிருக்க வேண்டும். அதை ஏர் பிஸ்டலில் கற்பது எளிது, செலவும் குறைவு. சேர்ந்து விளையாடுவதைப் பொறுத்தவரை, 10 மீட்டரிலும் கலப்பு இரட்டையர் பிரிவு உண்டு. டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அருகருகே நின்று தகுதிச் சுற்றில் ஆளுக்கு 30 குண்டுகள் சுடுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பதக்கச் சுற்றில் இருவரும் ஒவ்வொரு குண்டாகச் சுட்டார்கள். இருவரின் கூட்டு மதிப்பெண் எந்த இணைக்கு மிகுதியோ அதற்கு 2 புள்ளி, சமமானால் இணைக்கு 1, முதலில் 16-ஐ எட்டிய இணை வென்றது. சங்க அளவில் தந்தையும் மகளும், தாயும் மகனும் இணைசேர்ந்து இந்த முறையில் ஆடுவதற்குத் தடையேதும் இல்லை. எங்கள் சங்கத்தில் ஆண்டின் மிகக் கலகலப்பான நாள் அதுதான்.

அந்திவெயில்

இருவருக்கும் நன்றி. ஏர் பிஸ்டலில் தொடங்கி, பெரியவர்கள் நாங்கள் இருவரும் பிறகு மற்றப் பிரிவைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் பாதுகாப்பாக வைப்பது பற்றி யாராவது சொல்ல முடியுமா? என் மனைவியும் இப்போது இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இரு பிள்ளைகளின் தாய்

சகோதரிக்கு முதலில் ஒரு செய்தி. துப்பாக்கி வீட்டுக்கு வராமலேயே இந்த விளையாட்டில் பல ஆண்டுகள் இருக்கலாம். சங்கத்தின் பிஸ்டலைப் பயன்படுத்துவோருக்கு வீட்டில் எதுவுமே தேவையில்லை. சொந்தமாக வாங்கிய பின்னரும் சங்கத்தின் பெட்டகத்திலேயே வைக்க வசதி உண்டா என்று கேளுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் மனதளவில் உடன்படாதவரை அதைக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு.

வீட்டில் வைப்பதாக இருந்தால், துப்பாக்கியை வெறுமையாக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டியிலும், குண்டுகளை வேறோர் இடத்தில் வேறொரு பூட்டிலும் வைக்க வேண்டும். சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பது போதாது. பிள்ளைகள் வீட்டில் எதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். சாவியைப் பெரியவர் ஒருவர் தம்மிடமே வைத்திருக்க வேண்டும், அல்லது எண்பூட்டு வேண்டும். இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். வீட்டில் யாரேனும் கடும் மனச்சோர்வில் இருந்தால், வயதுவந்த பிள்ளையாயினும் கணவராயினும், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே, சங்கத்தில் இருக்கட்டும். யாரையும் சந்தேகிப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்தான ஒரு கணத்துக்கும் ஆயுதத்துக்கும் இடையே தொலைவு இருந்தால் உயிர் தப்பும் வாய்ப்பு பெருகுகிறது. இதை ஒவ்வொரு குடும்பமும் முதல் நாளே வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஈயம். பெல்லட்டுகள் ஈயத்தால் ஆனவை. அவற்றை எண்ணி எண்ணிக் கையால் எடுத்து வைக்கிறோம். வெடிமருந்துத் துப்பாக்கிகளில் இன்னும் ஒரு படி மேலே, குண்டின் பின்புறத்திலுள்ள பற்றவைக்கும் கலவையிலும் பொதுவாக ஈயச் சேர்மம் இருப்பதால், சுடும்போது எழும் புகையிலேயே ஈயம் கலந்திருக்கும். வளரும் மூளைக்கு ஈயம் கேடு. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. ஆகவே சுடும் இடத்தில் உண்ணவோ பருகவோ கூடாது. முடித்தவுடன் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கைகளையும் முகத்தையும் கழுவ வேண்டும். பயிற்சி உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலணியை வாசலிலேயே விட வேண்டும்; தரையில் தவழும் குழந்தை உள்ள வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். கருவுற்றிருப்பவர்கள் வெடிமருந்துத் துப்பாக்கிகள் சுடப்படும் மூடிய தளங்களுக்குச் செல்லாமல் இருப்பதே நல்லது. மூடிய தளமாக இருந்தால், காற்று சுடுபவரின் பின்னிருந்து இலக்கை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். புகை முகத்துக்குத் திரும்பி வருகிற தளத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

காதைப் பற்றி ஒரு வரி. .22 எனப்படும் சிறுகுண்டு வெடிமருந்துத் துப்பாக்கிக்கும் காதுக் காப்பு கட்டாயம். மூடிய தளத்தில் காதுக்குள் செருகும் அடைப்பான், மேலே கவசம் இரண்டும் சேர்ந்தே வேண்டும்; பார்வையாளராக வந்த குழந்தைக்கும்தான். கண்ணாடி எல்லோருக்கும், ஏர் பிஸ்டல் தளத்திலும்.

அந்திவெயில்

அம்மா, இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. துப்பாக்கி சங்கத்திலேயே இருக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்கு என் மனைவி சம்மதித்துவிட்டார். முதல் வகுப்புக்குத் தாமும் வருவதாகச் சொல்கிறார். மகளுக்கு நானே கற்றுக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நிறைய காணொளிகள் பார்த்துவருகிறேன்.

முன்குறி

ஐயா, அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்பு விதிகளை எவ்வளவு வேண்டுமானாலும் நினைவூட்டுங்கள். நுட்பத்தைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பிஸ்டல் சுடுதலில் கண், குழல்முனையில் உள்ள முன்குறியில் நிலைக்க வேண்டும்; இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். முன்குறியின் இருபுறமும், பிஸ்டலின் பின்முனையில் உள்ள பின்குறியின் பிளவில் சமமான வெளிச்சம் இருக்கிறதா, மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கை ஆடிக்கொண்டேதான் இருக்கும். உலகத் தரத்தில் சுடுபவருக்கும் ஆடும். அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, டிரிகரின் முதல் கட்டத்து எடையை எடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் அழுத்தத்தை நிற்காமல் சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கணத்தில் குண்டு புறப்படும் என்பது சுடுபவருக்கே தெரியாதபடி அமைவதுதான் நல்ல சுடுதல். குறி அழகாக அமைந்த கணத்தில் 'இப்போது' என்று விரலைச் சொடுக்கினால் மணிக்கட்டு அசைந்து குண்டு வழிதவறும். தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொடுக்குவார்கள். அதிலிருந்து விடுபட மனத்தில் அச்சம் இருக்கக் கூடாது. பின்னால் நிற்கும் தந்தை ஒவ்வொரு எட்டு மதிப்பெண்ணுக்கும் பெருமூச்சுவிடுவது பிள்ளையின் காதில் விழும். அடுத்த குண்டை அவள் தந்தைக்காகச் சுடத் தொடங்குவாள். அன்றே விரல் சொடுக்கத் தொடங்கும்.

டைமர்

முன்குறி சொல்வதை எல்லோருக்கும் பொதுவிதியாக்க முடியுமா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸேயை எடுத்துக்கொள்வோம். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்துக்காக 25 மீட்டர் பிஸ்டலில் தங்கமும் 10 மீட்டரில் வெள்ளியும், இருபது ஆண்டுகள் கழித்து 2008-இல் பெய்ஜிங்கில் ஜார்ஜியாவுக்காக வெண்கலமும் வென்றவர். 2024-இல் பாரிஸில் தம் பத்தாவது ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய தந்தைதான். 2016-இல் ரியோவில் நீனோவும் அவருடைய மகன் த்சோத்னேவும் ஒரே ஒலிம்பிக்கில் பங்கேற்றார்கள். தாயும் மகனும் அப்படி ஒன்றாகப் பங்கேற்றது ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை. மூன்று தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே கைமாறிய கலை அது.

முன்குறி

அந்தக் குடும்பத்தின்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் அந்தத் துறையிலேயே வாழ்ந்தவர்கள். நம் நண்பரோ மகளோடு அதே நாளில் கற்கத் தொடங்குபவர். அதுவே அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்றும் சொல்வேன். தந்தையும் தன்னைப் போலவே தடுமாறுகிறார், தன்னைப் போலவே பயிற்சியாளரிடம் திருத்தம் கேட்கிறார் என்பதைக் காணும் பிள்ளைக்கு வெட்கமின்றிக் கற்கும் துணிவு வந்துவிடும். பெரும்பாலும் சில மாதங்களில் மகள் தந்தையை முந்திவிடுவாள். அதற்கு இப்போதே மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை மதிப்பெண் என்று கேட்காமல், எந்தக் குண்டு விட்டபோது கை நன்றாக இருந்தது என்று கேளுங்கள். முதல் ஆண்டில் மொத்த மதிப்பெண்ணைவிடக் குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றனவா என்பதே பொருளுடையது. அட்டையின் இடக்கீழ் மூலையில் ஐந்து துளைகள் நெருக்கமாக இருந்தால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும், ஆயினும் அது நல்ல சுடுதல். பின்குறியின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பினால் அந்தக் கூட்டம் நடுவுக்கு வந்துவிடும். அட்டையெங்கும் சிதறிக் கிடக்கும் துளைகளை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

பத்துமீட்டர்

இந்த வாதத்தில் நான் முன்குறியின் பக்கம். பெற்றோரைச் சுடுதளத்திலிருந்து விலக்க வேண்டாம். பின்வரிசையிலிருந்து கருத்துச் சொல்வதை மட்டும் விலக்கினால் போதும்.

அந்திவெயில்

ஏற்றுக்கொண்டேன். நானும் மாணவனாகவே வருகிறேன். இரண்டு குறிப்பான ஐயங்கள். என் தந்தைக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு; படிப்பதற்குக் கண்ணாடியும் அணிகிறார். மகளோ வலக்கைப் பழக்கமுள்ளவள், ஆனால் அவளுடைய ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது இயல்பாக முந்திக்கொள்ளும் கண்) இடது என்று தெரிகிறது. இவை தடையாகுமா?

வெள்ளெழுத்து

உங்கள் தந்தையின் தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் பதில் எழுதுகிறேன்.

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல் போன்றவை பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தவை. அவை இதயத் துடிப்பைத் தணித்து நடுக்கத்தைக் குறைப்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் துப்பாக்கி சுடுதலுக்குத் தடைசெய்யப்பட்டவையாக உள்ளன. போட்டியன்று மட்டுமல்லாமல் போட்டியில்லாத காலத்திலும் இத்தடை உண்டு. வாரந்தோறும் சங்கத்தில் மகிழ்ச்சிக்காகச் சுடுபவரை இது பாதிக்காது. கூட்டமைப்பின் விதிகளுக்கு உட்பட்ட போட்டியில் பெயர் கொடுக்கும் நாள் வந்தால், அதற்கு முன்பே மருத்துவரிடமும் சங்கத்திடமும் பேசிவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் அவராக மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

பார்வையைப் பொறுத்தவரை, நம் வயதில் கைநீளத்தில் இருக்கும் முன்குறிதான் மங்கும். இலக்கு தெளிவாகத் தெரியும். தேவை இதற்கு நேர்மாறானது. படிக்கும் கண்ணாடி இதற்கு மிகவும் வலுவானது. தொலைவுக்கான எண்ணோடு ஏறத்தாழ 0.50 முதல் 0.75 வரை கூட்டிய ஒற்றை வில்லை முன்குறிக்குச் சரியாக அமையும். கண் மருத்துவரிடம் கையை நீட்டி, கட்டைவிரல் நகம் இருக்கும் இடத்தைக் காட்டி, அந்தத் தொலைவுக்கு வில்லை வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். வில்லைக்கு முன் சிறுதுளைத் தகடு ஒன்றைப் பொருத்தினால் முன்குறியும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும்.

கை நெடுநேரம் தாங்காது என்று அவர் தயங்கினால், தாங்குமேசையில் வைத்துச் சுடும் மூத்தோர் பிரிவுகள் உள்ளன. ஜெர்மனியில் அது பெரும் எண்ணிக்கையிலானோர் ஈடுபடும் தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 72 வயதில் வெள்ளி வென்றபோது, அவருடைய மகன் ஆல்ஃபிரடும் அதே அணியில் நின்றார். அது ரைஃபிள் போட்டி. இருந்தாலும் தாத்தாவும் பேரனும் ஒரே தாங்குமேசையில் மாறி மாறிச் சுடுவதற்கு உங்கள் தந்தையை இணங்கவைக்க இந்தச் செய்தி உதவும்.

முன்குறி

மகளின் கண் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். ரைஃபிளில் இது சிக்கல்தான். கை நீட்டிச் சுடும் பிஸ்டலில் பெரும்பாலும் அவ்வளவு சிக்கல் இல்லை. வலக்கையால் பிடித்து, தலையைச் சற்றே திருப்பி இடக்கண்ணால் குறிபார்த்துச் சிறப்பாகச் சுடுபவர்கள் உண்டு. அல்லது இடக்கையையே பழகலாம். ஹங்கேரியின் காரோய் டாகாச் 1938-இல் கையெறிகுண்டு விபத்தில் வலக்கையை இழந்த பிறகு இடக்கையால் பழகி, 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். அவள் இன்னும் தொடங்கவே இல்லை என்பதால் இரண்டையும் முயன்று பார்த்து அவளே தேர்ந்தெடுக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம்; முகத் தசைகள் களைத்துவிடும், குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து சுருங்கும். 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாத மறைப்பு ஒன்றை அந்தக் கண்ணின் முன் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது.

இரு பிள்ளைகளின் தாய்

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை தளத்துக்குப் போனாலே முன்னேற்றம் தெரியும், வீட்டுப் பயிற்சியும் சேர்ந்தால். வீட்டில் பிஸ்டல் இல்லாதவர்கள் தண்ணீர் நிறைந்த சிறு புட்டியைக் கைநீட்டிப் பிடித்துத் தோளை வலுப்படுத்தலாம். ஒற்றைக் காலில் நின்று சமநிலையைப் பழகலாம். சொந்தப் பிஸ்டல் வந்த பிறகு வெற்றுச் சுவரை நோக்கிக் குண்டின்றி டிரிகரை அழுத்திப் பழகுவதே மிகச் சிறந்தது. அப்போது குண்டுகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு, சில .22 பிஸ்டல்களிலோ வெற்றாக அழுத்தினால் குண்டறையின் விளிம்பு சேதமாகும், பயிற்சிக் குப்பி (வெடிக்காத போலிக் குண்டு) இட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆர்வம் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது. என் மூத்தவன் சுடுவதை விட்டுவிட்டு நடுவர் பயிற்சிக்குச் சென்றான். இப்போது எங்கள் சங்கப் போட்டிகளில் மதிப்பெண் பலகையை நிர்வகிப்பது அவன்தான். குடும்பமாக என்றால் ஐந்து பேரும் சுட்டாக வேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

அந்திவெயில்

அறிமுக வகுப்புக்கு ஐந்து பெயர்களையும் பதிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: முதல் சங்கப் போட்டி வரும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்லி அனுப்புவது?

பத்துமீட்டர்

மகிழ்ச்சி. பயிற்சியில் செய்ததை அப்படியே செய்யச் சொல்லுங்கள். போட்டியன்று புதிய காலணி, புதிய பெல்லட், புதிய பிடி எதுவும் வேண்டாம். துப்பாக்கிச் சோதனைக்கு முன்னதாகவே போய்ச் சேருங்கள். 500 கிராம் எடையை டிரிகரால் தூக்கிக் காட்ட மூன்று முயற்சிகள்தாம் தருவார்கள். காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். சங்கத்தின் பிஸ்டலாக இருந்தாலும், காலம் கடந்த உருளையோடு களமிறங்காமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு. சுடாத நேரமெல்லாம் குழலில் வண்ணப் பாதுகாப்பு நாடா செருகியிருக்க வேண்டும்.

பிஸ்டல் பழுதானால் என்ன செய்வது என்பதை இப்போதே பழக்கிவிடுங்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. அவரே 2024-இல் பாரிஸில் தனிநபர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் வெண்கலம் வென்றார். பெரியவர்களுக்கே கை பதறும் கணம் அது. குழந்தைகள் அப்போது பின்னால் இருக்கும் பெற்றோரைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்கள். உடல் திரும்பினால் குழல்முனையும் கூடவே திரும்பும். ஆகவே பிஸ்டல் இலக்கின் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிகரை விட்டு வெளியே வரட்டும், காலியாக உள்ள கையை உயர்த்தி நடுவர் வரும்வரை அசையாமல் நிற்கட்டும். வகுப்பின் முதல் நாளிலேயே இதை ஐந்து பேருக்கும் செய்து காட்டச் சொல்லி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.